கலங்கிய லோடு போய்ச் சேர்ந்த இடம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக்காலம். அப்போது நான் திருவனந்தபுரத்தில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் களியக்காவிளைப் பக்கம். லாரி என்னுடையது அல்ல, முதலாளி வேறு. குழாயில் தண்ணீர் வராத இடங்களுக்குக் கொண்டுபோய் ஊற்றுவது வேலை. கிளீனர் வைக்கக்கூட மனசில்லாத முதலாளி. அதனால் ஓட்டுவது, குழாய் மாட்டுவது, வரிசையில் நிற்பவர்களிடம் திட்டு வாங்குவது எல்லாமே நான்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இனிமையான ஆள் கிடையாது. அந்த வேலை யாரையும் இனிமையாக வைத்திருக்காது. லாரி திருப்பத்தில் தெரியும்போதே சண்டை தொடங்கிவிடும். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று இருக்கும். வரிசையைப் பார்த்தால் யாருடையது என்றே தெரியாத குடங்கள் நடுவில் நிற்கும். கேட்டால், "அந்தச் சேச்சி இப்போ வரும்" என்பார்கள். எந்தச் சேச்சியும் வரமாட்டாள். அந்தக் குடங்கள் நேராக பஸ் நிலையத்து டீக்கடைகளுக்குப் போகும். கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்குத் தண்ணீர் பத்தாமல் போகும், டீக்கடைக்காரன் டம்ளர் கழுவுவான். கோபம் வராமல் என்ன செய்யும்?

அன்று காலையில் எங்கேயோ பெரிய குழாய் உடைந்துவிட்டது. லாரி நிரப்பும் இடத்தில் வந்ததெல்லாம் செம்மண் கரைத்த தண்ணீர். டாங்க் நிரம்பிய பிறகுதான் மூடியைத் திறந்து பார்த்தேன். செங்கல் சூளைக் குட்டை மாதிரி இருந்தது. இப்படிக் கலங்கல் வந்தால் எங்கள் வழக்கம் ஒன்றுதான். போகிற வழியில் ஏதாவது ஓடையில் திறந்துவிட்டு, குழாய் தெளிந்த பிறகு மறுபடி வந்து நிரப்புவோம். ஆனால் நான் போக வேண்டிய சந்துக்கு அதற்கு முன் சில நாட்களாக லாரியே போகவில்லை. குளிக்கக் கழுவவாவது ஆகட்டும் என்று அந்த லோடோடு கிளம்பினேன்.

தம்பானூரிலிருந்து மேட்டில் ஏறும் ஒரு சந்து அது. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். முன்னொரு காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். லாட்ஜுகளில் வேலை, துணி வெளுக்கும் வேலை, ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. தண்ணீர் வரிசையை நடத்துவது லாட்ஜில் அறை கூட்டும் ஓர் அக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் குரலுக்கு முன் என் லாரி ஹாரன் நிற்காது.

குழாயைத் திறந்து முதல் குடத்தில் தண்ணீர் விழுந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது எந்தா அண்ணே, ரசமா?" என்றாள் ஒல்லியான ஒரு பெண்.

"ரசம்னா சோத்துல ஊத்திக்கிடலாம். இதை எதுல ஊத்த?" என்றார் அக்கா.

"எங்கிட்டக் கேட்டா? குழாய்ல வந்ததத்தான் புடிச்சேன். பைப்பு பொட்டினதுக்கு நானா ஜவாபு?"

"நீங்க ஜவாபு இல்ல, ஆபீஸ்காரன் ஜவாபு இல்ல, பின்ன ஆரு? நாங்களா போயி பொட்டிச்சோம்?"

சந்து முழுக்கச் சிரித்தது. எனக்கு எரிந்தது. வெயிலில் மேட்டில் ஏற்றிக்கொண்டு வந்தவனுக்கு இதுதான் மரியாதை. குழாயை மூடினேன். "வேண்டாம்னா விடுங்க. ஓடையில ஊத்திட்டு வேற லோடு கொண்டுவாறேன்" என்றேன்.

லாரியில் ஏறப் போனபோது அக்கா குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"ஓடையில எதுக்கு ஊத்தணும்? கொஞ்சம் குடம் இதுலயே புடிச்சுக்கிடுதோம்."

"குடிக்க ஆகாதுன்னு இப்பத்தான சொன்னீங்க? எதுக்கு?"

"எதுக்கோ. புடிச்சுத் தாங்க."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன். டீக்கடை. துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தால் தேயிலையில் அந்தச் சிவப்பு எவன் கண்ணுக்குத் தெரியும்? அதைக் குடித்து நாலு பேருக்கு வயிற்றால் போனால் தண்ணீர் கொண்டுவந்த லாரிக்காரனைத்தான் பிடிப்பார்கள். இன்று கையும் குடமுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்டதைப் பிடித்துக் கொடுத்தேன். ஏழெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு குடம் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு நான் பின்னால் போனேன்.

அவர்கள் பஸ் நிலையம் இருக்கும் கீழ்ப்பக்கம் போகவில்லை. சந்தின் உள்பக்கம் போனார்கள். கடைசியில் சலவைக்காரர் வீட்டுக் கொல்லைக்கும் பாசி பிடித்த ஒரு பழைய மதிலுக்கும் நடுவில், ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. குடத்தை முன்னால் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக அதற்குள் போய் மறைந்தார்கள். ஒளித்து வைத்து விற்கிறார்கள் என்பதில் எனக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நானும் நுழைந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கருங்கல் படிகள் கீழே இறங்கின. திட்டுவதற்கு வாயைத் திறந்தபடியே இறங்கினேன்.

பாதிப் படியில் என் கால் நின்றுவிட்டது.

எனக்கு அழகாக எழுத வராது. பார்த்ததைச் சொல்கிறேன். கீழே, பூமிக்குள், ஒரு பெரிய மண்டபம். செங்கல்லால் கட்டிய தடித்த தூண்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு வளைவு, அதிலிருந்து அடுத்ததற்கு வளைவு என்று, உள்ளே இருட்டு வரைக்கும் வளைவுகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு பாதிக்கு மேல்கூரை அப்படியே இருந்தது. மறு பாதியில் கூரை எப்போதோ இடிந்து விழுந்திருந்தது. அந்தத் திறந்த பாதியில் வெயில் நேராகக் கீழே இறங்கியது. அந்த வெயிலில் ஒரு தோட்டம் இருந்தது. தூண்களுக்கு நடுவே வாழை, செம்பருத்தி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, இளம் மாங்கன்றுகள். ஒரு வளைவிலிருந்து பழைய டயரைக் கட்டி ஊஞ்சல் தொங்கியது. விழுந்த கல்பலகைகளைத் தூக்கி நிறுத்தி உட்காரும் திண்டு ஆக்கியிருந்தார்கள். ஒரு திண்டில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த யாரோ துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மேலே சட்டை முதுகோடு ஒட்டும் வெயில். கீழே பானைக்குள் கை விட்ட மாதிரிக் குளிர்ச்சி. பஸ், ஆட்டோ, ரயில் அறிவிப்பு, ஒன்றும் கேட்கவில்லை. தம்பானூரின் இரைச்சல் கல்லெறி தூரத்தில் இருக்கிறது என்று சொன்னால் நம்ப முடியாது. எத்தனையோ தடவை இதன் தலைக்கு மேலேயே லாரியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

பெண்கள் குடத்தைச் சாய்த்து ஒவ்வொரு செடியின் அடியிலும் அந்தச் சிவப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையாவது ஒன்றாவது.

வந்த கோபத்தை அப்படியே விழுங்கிவிட என்னால் முடியாது. "இதுக்குத்தானா இந்த ரகசியம்?" என்று கத்தினேன். என் சத்தம் தூண்களுக்குள் போய், ஒவ்வொரு வளைவிலும் முட்டி, பெரிதாகித் திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது. நானே ஓர் அடி பின்னால் போனேன். தூங்கியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மெள்ளப் பேசுங்க தம்பி. இங்க சண்டை போட்டா நம்மகூடவேதான் போடணும்" என்றார் அக்கா.

பிறகு அவர் சொன்னார். அது ராஜா காலத்துத் தண்ணீர்த் தொட்டி. நகரத்துக்கு வேறு பெரிய தொட்டிகள் வந்ததும் இதைக் கைவிட்டுவிட்டார்கள். கூரை இடிந்தது. குப்பை கொட்டும் குழியானது. சந்துக்காரர்கள்தான் குப்பையை அள்ளி, எங்கெல்லாம் ரோடு தோண்டினார்களோ அங்கிருந்தெல்லாம் மண்ணைத் தலையில் சுமந்து வந்து கொட்டிச் செடி வைத்தார்கள். ஒற்றை அறை வீடுகள். பிள்ளைகள் படிப்பது, ஆண்கள் பகலில் தூங்குவது, நாலு பெண்கள் உட்கார்ந்து மனசு விட்டு அழுவது எல்லாம் இங்கேதான் என்றார். கடைசியில் சொன்னதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இப்போது அந்த இடத்தை மண் போட்டு மூடி, மேலே வண்டி நிறுத்தும் இடமாக்க உத்தரவு தயாராகிறதாம். இவர்கள் கூட்டமாகப் போய் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். "அது காலிக் குழிதானே" என்றாராம் அங்கே இருந்த அதிகாரி. தோட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். "சரி, திங்கட்கிழமை நான் நேரில் வந்து பார்க்கிறேன். தோட்டம் இருந்தால் யோசிக்கலாம்" என்றிருக்கிறார்.

"இதப் பாருங்க" என்று அக்கா ஒரு வாழை இலையைப் பிடித்துக் காட்டினார். ஓரமெல்லாம் கருகியிருந்தது. மாங்கன்றின் இலைகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. "அடியில சுண்ணாம்புத் தரை. ஒரு முழம் மண்ணுதான். தினம் வெள்ளம் ஊத்தலன்னா வேரு கரிஞ்சு போகும். லாரி வாற நாளெல்லாம் வீட்டுக்கு ஒரு குடம் இதுக்குன்னு எடுத்து வைப்போம். மூணு நாளா லாரியும் இல்ல. திங்கக்கிழமை அந்த ஆபீசர் சாறு வந்தா காலிக் குழியத்தான் பாப்பாரு."

"இத எங்கிட்டச் சொன்னா என்ன?"

"குடிவெள்ளத்தச் செடிக்கு ஊத்துதாளுவன்னு எவனாவது எழுதிப் போட்டா லாரியவே நிறுத்திருவான். உங்க வாய நம்பி எப்படிச் சொல்ல? தெரு முழுக்கக் கேக்குமே."

சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூண்களில் என் தலைக்கும் மேலே, எல்லாத் தூணிலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு ஓடியது. அதற்குக் கீழே ஒரு நிறம், மேலே வேறு நிறம். முன்பு தண்ணீர் நின்ற அளவு. அப்படியானால் நாங்கள் நின்றுகொண்டிருப்பது தண்ணீருக்கு அடியில். அதை நினைத்ததும் மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டேன். இந்த வளைவுகளைக் கட்டியவனை நினைத்தேன். தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் ஒருத்தர் கண்ணிலும் படப் போவதில்லை. தெரிந்துதான் கட்டியிருக்கிறான். அப்படியும் ஒரு செங்கல் கோணலாக இல்லை. இருட்டில் தண்ணீர் மட்டும் இருப்பதற்கு இப்படி ஒரு மாளிகை.

அப்போதுதான் எதிர்ச் சுவரில், உயரத்தில், ஓர் இரும்புக் குழாயின் வாய் தெரிந்தது. அண்டா அகலம். அதற்குக் கீழே சுவரில் துருக்கறை நீளமாக இறங்கியிருந்தது. லாரிக்காரன் புத்தி எப்போதும் குழாயில்தான் போகும். இந்த வாய்க்கு மறுமுனை ஒன்று இருக்க வேண்டும்.

"இதோட அந்தப் பக்கம் எங்க?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? மேல ரோட்டோரம் ஒரு இரும்பு மூடி கெடக்கு. அதுமேலதான் கடலைக்காரன் அடுப்பு வச்சிருக்கான்" என்றாள் ஒல்லியான பெண்.

"இங்க இருந்து தண்ணி வெளிய போற வழி?"

"மூலையில தூம்பு உண்டு. மழைக்குத் தொறந்து விடுவோம்" என்றார் அக்கா.

"அதச் சாக்கு வச்சு நல்லா அடைங்க."

அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலைக்கு ஓடினார்.

நான் மேலே ஏறி லாரியைச் சுற்றிக்கொண்டு மேல் ரோட்டுக்குப் போனேன். கடலைக்காரர் வறுத்துக்கொண்டிருந்தார். அடுப்பைத் தள்ளச் சொன்னேன்.

"இது என்ட ஸ்தலமாணு. கொறே காலமாயிட்டு இவிடத் தன்னே."

"உம்ம ஸ்தலத்த நான் தூக்கிட்டா போறேன்? அடியில உள்ள மூடிதான் வேணும். தள்ளும் ஓய்."

வெகுகாலமாக அதே இடத்தில் கடை போட்டவர், முறைத்துக்கொண்டே தள்ளினார். ஜாக்கி லிவரைக் கொடுத்து நெம்பினேன். மூடி அசையவில்லை. என்ன நினைத்தாரோ, கடலைக்காரரும் வந்து கை கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து தொங்கியதும் துரு பிளந்து மூடி எழுந்தது. உள்ளே ஒரு குழாய் கீழே சரிந்து போனது. லாரியின் குழாயை அதற்குள் நுழைத்து முழுக்கத் திறந்துவிட்டேன். "பாத்துக்கோங்க" என்று கடலைக்காரரிடம் சொல்லிவிட்டு, மறுபடி சந்துக்குள் ஓடி, மதில் இடுக்கில் நுழைந்து படியில் இறங்கினேன்.

தண்ணீர் இன்னும் வரவில்லை. எல்லோரும் அந்த இரும்பு வாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாய் எங்கேயாவது நடுவில் உடைந்திருந்தால் ஒரு லோடும் மண்ணுக்குள் போகும்.

முதலில் காற்று வந்தது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த வாடை. அடுத்து சருகு, துருத் தூள், ஏதோ குருவிக் கூடு. பிறகு சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம். பெரிய ஆள் ஒருவர் தொண்டையைச் செருமுவது போல. ஒல்லியான பெண் பக்கத்தில் நின்றவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் வந்தது. சிவப்பாக, கட்டியாக, அந்த வாய் நிறைய வந்து விழுந்தது. விழுந்த சத்தம் எல்லாத் தூணுக்குள்ளும் போய் நிறைந்தது. மேலே ஓர் ஓடையில் அதே தண்ணீரை நான் திறந்துவிட்டிருந்தால் சாக்கடைச் சத்தம்தான் கேட்டிருக்கும். இங்கே, மழை ஒரு காட்டுக்குள் இறங்குவது மாதிரி இருந்தது. தண்ணீர் தரையில் நாக்கு நீட்டிப் பரவியது. பாத்தி பாத்தியாக ஏறியது. அந்தச் சுண்ணாம்புத் தரை ஒரு சொட்டைக்கூடக் குடித்து ஒளிக்கவில்லை. கட்டியவன் அப்படிக் கட்டியிருக்கிறான். இத்தனை வருடம் சும்மா கிடந்தும் அந்தத் தொட்டி தன் வேலையை மறக்கவில்லை.

திறந்த பாதியில் விழுந்த வெயில் அந்தத் தண்ணீரில் பட்டது. உடனே இருட்டாகக் கிடந்த மறுபாதியின் கூரையெல்லாம் வெளிச்சம் ஆடத் தொடங்கியது. வளைவு வளைவாக, கடைசி வரிசை வரைக்கும், செம்பு நிறத்தில் ஆடியது. அங்கே அத்தனை தூண்கள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியவில்லை. சந்துக்காரர்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வரிசையில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்ட பெண்கள் எல்லோரும் காலில் தண்ணீர் ஏறுவதுகூடத் தெரியாமல் மேலே பார்த்தபடி நின்றார்கள்.

அக்காதான் முதலில் அந்த இரும்பு வாயைக் கை நீட்டிக் காட்டினார். "வாய் அங்கதான் இருந்திருக்கு. நாங்க இடுப்பு ஒடியச் சுமந்தோம்" என்றார்.

ஒரு லோடு தண்ணீர் அந்தப் பெரிய தரையில் எம்மாத்திரம்? விரல் நனையும் அளவுதான் நின்றது. நிரப்பும் இடத்துக்குத் திரும்பிப் போனேன். அங்கே மற்ற டிரைவர்களும் கலங்கல் லோடோடு எந்த ஓடையில் கொட்டலாம் என்று நின்றிருந்தார்கள். "ஓடைக்கு ஓட்டினாலும் டீசல்தான் எரியப் போவுது. எம் பின்னால வாங்கடே" என்றேன். என் மூஞ்சிக்குப் பயந்தோ என்னவோ, நாலைந்து பேர் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தத் தோட்டம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றது. குழாய் தெளிந்த பிறகு முதல் நல்ல லோடை அந்தச் சந்துக்கே கொண்டுபோனேன். அன்று வரிசையில் சண்டை நடக்காமல் இல்லை. நடந்தது. முதலாளியும் டீசலைக் காட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார், நானும் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் போனபோது அக்காவிடம் கேட்டேன். அந்த அதிகாரி சொன்னபடி வந்திருக்கிறார்.

"கடைசிப் படியில ஷூவக் கழட்டிக் கையில புடிச்சிக்கிட்டு நிக்காரு. கீழ வெள்ளம், வாழை எல்லாம் நிமுந்து நிக்கி. ‘சாறே, இதுல மண்ணு போடணுமா’ன்னு நான்தான் கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"‘இது இத்ர நாளும் இவிட உண்டாயிருந்தோ’ன்னு கேட்டாரு. அம்புட்டுத்தான். போயிட்டாரு."

நேரில் பார்க்காமலேயே காலிக் குழி என்று சொன்னவர் மேல் எனக்கு நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாளும் இது இங்கேயா இருந்தது என்று, அந்தப் படியில் நின்று நானும் அதையேதான் கேட்டேன், சத்தமாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் அந்த வேலையில் இருந்தவரை மண் லாரி எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. கலங்கல் லோடு வந்த நாளெல்லாம் கடலைக்காரர் என்னைக் கண்டதும் தானே அடுப்பை நகர்த்திவிடுவார்.

இப்போது நான் தண்ணீர் லாரி ஓட்டுவதில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், அதில் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. யாருக்கும் குடிக்க ஆகாது என்று நான் சாக்கடையில் விட இருந்த அந்தச் சிவப்புத் தண்ணீரின் வெளிச்சம் மட்டும், கண்ணை மூடினால் இன்னும் அந்த வளைவுகளில் ஆடிக்கொண்டே இருக்கிறது.